ஈயம் பூசின மாதிரியும், பூசாத மாதிரியும்

1942 பிப்ரவரியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குக் கார் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டு டாங்கியும் குண்டுவீச்சு விமானமும் செய்யப் போய்விட்டன. மூன்றரை வருஷம் கழித்து, ஹிட்லரை முடித்த கையோடு திரும்பி வந்து, கிடப்பில் கிடந்த 1942 மாடலையே தூசி தட்டி, கிரில்லை மட்டும் மாற்றி, 1946-இன் புதுக் கார் என்று விற்றன. ஜனங்களும் பெயர் பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். பழைய வண்டியில் ரெண்டு சாமானை மாற்றிப் புதுசாகக் காட்டும் வித்தையை அமெரிக்கப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது காயலான் கடைக்காரன் அல்ல, சாட்சாத் டெட்ராய்ட்தான் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு, வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை சர்க்கார் உதவிப் பணம் கொடுத்தது. இந்தக் கூட்டத்துக்கு ‘52-20 கிளப்’ என்று பெயரே விழுந்துவிட்டது. பையன் அந்தக் காசில் நல்லதாக ஒரு கோட்டு வாங்கி வேலை தேடிப் போவான் என்று வாஷிங்டனில் நினைத்திருப்பார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் கணிசமான பேர் கார் தேடிப் போனார்கள். தகரம் தட்டவும் வெல்டிங் பிடிக்கவும் ராணுவப் பணிமனையிலும் விமானத் தொழிற்சாலையிலும் ஏற்கெனவே சர்க்கார் செலவில் கற்றாகிவிட்டது. அந்தச் சீமையில் பனி கிடையாது. பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு கொட்டும் வழக்கமும் கிடையாது. அதனால் பத்து வருஷத்துப் பழைய ஃபோர்டுகூடத் துரு இல்லாமல் நிற்கும். கையில் தொழில், பையில் கொஞ்சம் காசு, ஏராளமான ஓய்வு. விபரீதத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆசை மட்டும் ஏழைகளுடையதல்ல. அதற்கு முன்பே ஹாலிவுட் நட்சத்திரங்கள் கடையில் கிடைக்கும் காரை அப்படியே ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஏர்ல் குடும்பத்தின் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஹார்லி ஏர்ல்தான் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய் அதன் வடிவமைப்புப் பிரிவையே உருவாக்கியவர். அமெரிக்கக் காரை நீளமாக்குவதும் தாழ்த்துவதுமே தன் வாழ்நாள் வேலை என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்கு அவருக்கு ஒரு மாபெரும் கம்பெனியும் முப்பது வருஷமும் தேவைப்பட்டன. நம் பையனுக்கு டிக்கியில் இரண்டு மூட்டை சிமெண்ட் போதுமானதாக இருந்தது.

கம்பெனிக் காரை இப்படித் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் கஸ்டம் கார் உலகில் இரண்டு ஜாதி. கூரையை வெட்டி, நாலு அங்குலம் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைக்கும் கூட்டம் ஒன்று. கூரையை வெட்டினால் தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, பின்கண்ணாடி பொருந்தாது, கதவுச் சட்டம் பொருந்தாது. பட்டறைக்காரர் மாதக்கணக்கில் வண்டியை வைத்துக்கொள்வார், பில் மட்டும் ஒழுங்காக வரும். இன்னொன்று, கூரைப் பக்கமே போகாத கூட்டம். மேலே ஒட்டியிருப்பதைப் பிடுங்கு, வண்டியைக் கீழே இறக்கு, வேறு வண்டிச் சாமான் நாலை மாட்டு, அவ்வளவுதான். இதற்கு ‘மைல்ட் கஸ்டம்’ என்று பெயர். அடக்கமான ரகம். ஈயம் பூசின மாதிரியும் இருக்கவேண்டும், பூசாத மாதிரியும் இருக்கவேண்டும் என்று நம்மூரில் சொல்வார்களே, அது இந்த வண்டிகளுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும், ஏனென்றால் பூசியது நிஜமாகவே ஈயம். வரலாறு எழுதியவர்களோ முதல் கூட்டத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார்கள். தெருவில் ஓடியதில் பெரும்பாலானவை இரண்டாவது கூட்டத்தின் வண்டிகள்.

முதல் வேலை பிடுங்குவது. பானட் நுனியில் டெட்ராய்ட்காரன் ஒரு ராக்கெட்டோ பறவையோ, எதுவும் தோன்றாவிட்டால் ஒரு கத்தியோ நிறுத்தி வைத்திருப்பான். அதை வரைய ஒரு ஆபீஸ், அச்சு வார்க்க ஒரு பிரிவு, குரோமியம் முலாம் பூச ஒரு ஷெட். இத்தனை பேர் உழைப்பையும் பையன் சனிக்கிழமை காலையில் ஒரு ஸ்பானரால் தோற்கடித்தான். டிக்கி மேலிருந்த பெயர்ப்பலகைக்கும் கைப்பிடிக்கும் அதே கதி. இதில் கலையைவிட லௌகீகம் அதிகம். சின்னம் போய்விட்டால் வண்டி 1949 மாடலா, 1951-ஆ, விலை என்ன என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒருவனுடைய அந்தஸ்தைப் பானட்டில் எழுதி ஒட்டியிருந்த காலம் அது. எழுத்தைப் பிடுங்கியவனின் அந்தஸ்தை அவனேதான் சொல்லவேண்டும். அவன் சொல்வதைத்தான் நம்பவேண்டும்.

பிடுங்கியாயிற்று. இப்போது பானட்டில் ஓட்டைகள். இங்கேதான் ஈயம் வருகிறது. காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு கலந்த குச்சி. இந்தக் கலவைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சுமார் 180 டிகிரியில் இளக ஆரம்பித்து 250-ஐத் தாண்டித்தான் முழுசாகத் தண்ணியாகும். நடுவில் ஒரு வெண்ணெய்ப் பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் தகரத்தின்மேல் ஏற்றி, கொழுப்பில் தோய்த்த மரக்கரண்டியால் வழித்து வடிவம் பிடிக்கவேண்டும். டார்ச்சை ஒரு நொடி கூடுதலாகக் காட்டினால் அத்தனையும் ஒழுகி ஷூவில் விழும். குறைவாகக் காட்டினால் ஒட்டாது, ஒரு வாரம் கழித்து சிக்னலில் நிற்கும்போது பெயர்ந்து விழும். இன்னும் அதிகமாகக் காட்டினால் பானட்டே அலை அலையாகக் கோணிக்கொள்ளும். அந்த அலையை மறைக்க மேலும் ஈயம். இப்படிச் சின்ன ஓட்டையில் ஆரம்பித்தவன் இருபது கிலோவில் போய் நிற்பான். அப்புறம் அரம் போட்டு, பொடி பறக்க, முகமூடி எதுவும் இல்லாமல் தேய்ப்பது. ஈயத்தூள் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று கவலைப்படுகிற வயசா அது? வண்டிகளுக்கு ‘ஈயச் சறுக்குவண்டி’ என்ற பட்டம் இதனால்தான் வந்தது. வைத்தவர்கள் பாராட்டாக வைக்கவில்லை.

1950களின் நடுவில் ‘பாண்டோ’ என்ற பிளாஸ்டிக் பட்டி வந்து இந்த வித்தைக்கு மங்களம் பாடியது. ஈயக்காரர்கள் அதைக் கேவலம் என்றார்கள். அடுத்த வாரத்திலிருந்து ரகசியமாக அவர்களும் பூசினார்கள்.

அடுத்தது கதவுக் கைப்பிடி. பக்கவாட்டில் ஒன்றும் துருத்தாமல் சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கவேண்டும் என்பதற்காகக் கைப்பிடியையும் எடுத்து ஓட்டையை அடைத்துவிடுவார்கள். சரி, கதவை எப்படித் திறப்பது? உள்ளே ஒரு சோலனாய்டு, வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பொத்தான். பெண் தோழியை அழைத்து வந்து, கைப்பிடியே இல்லாத கதவின் முன் நிறுத்தி, ஒன்றும் தெரியாதவன் போல மட்கார்டுக்கு அடியில் முழங்காலால் ஒரு இடி இடித்தால் கதவு தானாகத் திறக்கும். காதலுக்காக மனிதன் செய்த மின்சாரப் பரிசோதனைகளில் இது மேலானது. பேட்டரி இறங்கிவிட்டால் மட்டும் பெண்ணும் வெளியே, பையனும் வெளியே, சாவி மட்டும் உள்ளே. கையில் காசில்லாதவர்களின் பேட்டரி அடிக்கடி இறங்கும் என்பது உலக நியதி. விவரமானவர்கள் ஒரு பக்க ஜன்னலை எப்போதும் லேசாக இறக்கி வைத்திருந்தார்கள்.

பிறகு தாழ்த்துதல். முறையாகச் செய்தால் பின்னால் ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, நீள யூ-போல்ட் போட்டு இறுக்குவது. முன்னால் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. முறையில்லாத வழி இன்னும் மலிவு. டார்ச்சை எடுத்து ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சினால் வண்டி கண் முன்னாலேயே மெல்ல உட்காரும். மொத்தச் செலவு கொஞ்சம் கேஸ். ஆனால் எஃகு சூடு பட்டதை மறக்காது. விறைப்பு போய், இடதுபுறம் ஒரு அங்குலம், வலதுபுறம் மூன்று அங்குலம் என்று தன்னிஷ்டத்துக்கு இறங்கும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வண்டி யாரையோ விசாரிப்பது போல ஒரு பக்கம் சாய்ந்தே போகும். சிமெண்ட் மூட்டைக்காரர்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்ஸிக வம்சாவளிப் பையன்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டை ஏற்றி விட்டியர் பூலவார்டில் ஊர்கோலம் போய்விட்டு, திங்கட்கிழமை மூட்டையை இறக்கிவிட்டு வேலைக்குப் போகலாம். உலகத்திலேயே கழற்றி வைக்கக்கூடிய ஒரே சஸ்பென்ஷன்.

இவ்வளவு தாழ்த்திய வண்டியின் பின்சக்கரத்தை மூடி ஒரு தகரப் பாவாடையும் மாட்டுவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும், பஞ்சர் ஆகும்வரை. பஞ்சரானால் ஜாக்கி உள்ளே நுழைய இடமிருக்காது, சக்கரம் வெளியே வர வழியிருக்காது. நடுரோட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மல்லாந்து படுத்திருக்கும் மைனர்களைப் பார்த்துப் பழகியதால்தான் கலிபோர்னியக்காரர்களுக்கு எதுவும் அதிர்ச்சியாக இருப்பதில்லை என்று நான் நினைக்கிறேன்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பட்ஜெட் கஸ்டத்துக்குத் துரோகம் செய்ததாகும். முன்கண்ணாடித் தூணுக்குப் பக்கத்தில் இரண்டு ஆப்பிள்டன் ஸ்பாட்லைட் இருந்தால்தான் வண்டிக்கு லட்சணம். அசல் விலை கட்டாது. ஆகவே எரியாத, உள்ளே ஒயரே இல்லாத டம்மி விளக்குகள் விற்றன. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் குரோம் பைப் அசலில் சைலன்சரைச் சுற்றிப் புகை போகும் வழி. அதிலும் எஞ்சினோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டம்மி உண்டு. வெள்ளைப் பட்டை போட்ட டயர் வாங்க வசதியில்லையென்றால், கறுப்பு டயரின் விளிம்பில் செருகிக்கொள்ள ‘போர்ட்டாவால்’ என்று வெள்ளை ரப்பர் வளையம். வேகமாகப் போனால் அது படபடவென்று அடித்துக்கொண்டு ஊருக்கே உண்மையைச் சொல்லிவிடும். கிரில்லுக்குப் பதிலாக ஒரு கம்பி வலையை வைத்து, சமையலறை அலமாரி இழுப்பறையின் குரோம் குமிழ்களை வரிசையாகத் திருகினார்கள். நிஜமாகத்தான். அம்மா வீட்டில் இழுப்பறையைத் திறக்க முடியாமல் கத்திக்கொண்டிருக்க, குமிழ்கள் வேறெங்கோ ஊர்வலம் போய்க்கொண்டிருந்திருக்கும்.

வீல் கப்பில் மட்டும் போலிக்கு மதிப்பில்லை. 1953-இல் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஃபியஸ்டா என்ற ஆடம்பரக் கார் 458 மட்டுமே செய்தது. அதன் மூன்று இறக்கை வீல் கப்பின் மேல் அமெரிக்க வாலிபம் முழுக்கப் பைத்தியமாகி, கம்பெனி அதே தினுசு கப்பைத் தன் மற்ற கார்களிலும் போட ஆரம்பித்தது. விளைவு, ஓல்ட்ஸ்மொபைல் சொந்தக்காரர்கள் இரவில் காரை நிறுத்திவிட்டுப் போனால் காலையில் சக்கரம் அம்மணமாக நிற்கும். பட்ஜெட் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் அர்த்தம் கொஞ்சம் விசாலம்.

பெயிண்ட் கட்டத்தில்தான் பெரும்பாலோரின் கஜானா காலி. வண்டி வருஷக்கணக்கில் சாம்பல் நிறப் பிரைமரிலேயே சுற்றும். கேட்டால் “இன்னும் வேலை முடியவில்லை” என்ற ஒரே பதில். முடிக்காத வண்டியை யாரும் குறை சொல்ல முடியாது என்ற தத்துவத்தைக் கண்டுபிடித்தவர்கள் இவர்களே. அவசரக்காரர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஏர்ல் ஷைப் இருந்தார். எந்தக் காரானாலும் எந்த நிறமானாலும் 29.95 டாலர். அந்த விலைக்கு முதலில் கண்ணாடியை மூட வேண்டுமே என்று எதிர்பார்ப்பதுகூடப் பேராசைதான். மேட்டுக்குடிக்கு ஜோ பைலன், மிட்டாய் ஆப்பிள் போல உள்ளிருந்து மினுங்கும் சிவப்பு கண்டுபிடித்து வைத்திருந்தார். வான் டச் என்று தன்னை அழைத்துக்கொண்ட கென்னத் ஹோவர்டு வளைவு வளைவாகக் கோடிழுப்பதில் மன்னர். அந்தக் கோடுகளே, முந்தைய ஆள் பானட்டில் அரம் போட்ட கீறல்களை மறைக்க ஆரம்பித்தவை என்று ஒரு கதை உண்டு. இந்தத் துறையில் எதுவும் எதையோ மறைக்கத்தான் ஆரம்பித்தது என்பதால் எனக்கு நம்பச் சிரமமில்லை.

சீட்டு தைக்க எல்லை தாண்டி டிஹுவானா. மெக்ஸிகோவில் கூலி குறைவு. காலையில் விட்டால் அங்கேயே நின்று தைத்துக்கொண்டு திரும்பலாம். மடிப்பு மடிப்பாக, வெள்ளையும் சிவப்புமாக, கண்ணைப் பறிக்கும். உள்ளே என்ன அடைத்தார்கள் என்பதைப் பற்றித்தான் வதந்திகள். வைக்கோல் என்றார்கள், பழைய பேப்பர் என்றார்கள், குதிரைச் சாணம் என்றும் சொன்னார்கள். மழை நாளில் வாசம் வந்தால்தான் தெரியும். கலிபோர்னியாவிலோ மழை அபூர்வம். டிஹுவானாவுக்கும் காசில்லாதவன் ஒரு மெக்ஸிகக் கம்பளியைக் கிழிந்த சீட்டின் மேல் விரித்துவிட்டு அதையே ஒரு பாணி என்று அறிவித்தான். அது உண்மையிலேயே பாணியாகிவிட்டது.

இந்தக் காலத்துப் பெரிய பெயர் பாரிஸ் சகோதரர்கள். தம்பி ஜார்ஜ் வாயால் விற்பவர், அண்ணன் சாம் கையால் செய்பவர். 1951 மெர்க்குரி ஒன்றை பாப் ஹிரோஹாட்டா என்ற வாலிபர் 1952-இல் இவர்களிடம் கொண்டுவந்தார். ஏறக்குறையப் புதுக் கார். அதன் கூரையை வெட்டி, பக்கவாட்டில் பியூக்கின் பட்டையை ஒட்டி, இளம்பச்சை பூசி அனுப்பினார்கள். உலகப் புகழ் வந்தது. ஆனால் பட்ஜெட்காரர்கள் கவனிக்கவேண்டிய ஆள் ஹிரோஹாட்டா அல்ல. மோஸ்தர் மாறி, அதே கார் பழைய கார் கடையில் நாதியற்றுக் கிடந்தபோது 1959-இல் 500 டாலர் கொடுத்து வாங்கிய பள்ளிக்கூடப் பையன்தான். அதை அவர் கடைசிவரை விற்கவில்லை. குடும்பம் 2022 ஜனவரியில் ஏலத்தில் விட்டபோது கமிஷன் உட்பட 21 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஜார்ஜ் பாரிஸ் மட்டும் மலிவில் இவரையும் மிஞ்சினார். கண்காட்சி முடிந்து சும்மா நின்ற லிங்கன் ஃபியூச்சரா காரை ஃபோர்டு கம்பெனியிடம் ஒரு டாலருக்கு வாங்கி, 1966 டிவி தொடருக்காக மூக்கையும் வாலையும் நீட்டி பேட்மொபைல் ஆக்கினார். 2013-இல் அது 40 லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு டாலருக்குள் அடங்கிய கஸ்டம் என்று யாராவது பெருமை பேசினால் பேச அருகதை உள்ளவர் அவர் ஒருவரே.

மைல்ட் ரகத்துக்கு இத்தனை ஆரவாரம் கிடைக்கவில்லை, ஒரு விதிவிலக்கு தவிர. 1955-இல் வந்த ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் ஓட்டும் 1949 மெர்க்குரி, பானட் சின்னம் பிடுங்கி, சற்றே தாழ்த்திய வண்டி. கூரை கம்பெனி போட்டபடியே. எந்தப் பெட்ரோல் பங்குப் பையனும் செய்துகொள்ளக்கூடிய வேலை. அதனாலேயே நாடு முழுக்கச் செய்தார்கள். படம் வெளிவரும் முன்பே டீன் தன் சொந்த போர்ஷேயில் விபத்தில் போய்விட்டார். மெர்க்குரி இன்றும் நெவாடாவில் ரீனோ மியூசியத்தில் நிற்கிறது.

1963-இல் நியூயார்க்கிலிருந்து டாம் வுல்ஃப் என்ற பத்திரிகையாளர் இந்தக் கூத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் கட்டுரை வரவில்லை. எஸ்குவயர் பத்திரிகையின் ஆசிரியர் பைரன் டோபெல், குறிப்புகளையாவது அனுப்புங்கள், வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றார். வுல்ஃப் ராத்திரி முழுக்கக் கடிதமாகவே தட்டெழுதி அனுப்பினார். ஆசிரியர் தலைப்பிலிருந்த ‘அன்புள்ள பைரன்’ என்பதை மட்டும் நீக்கிவிட்டு மீதியை அப்படியே அச்சேற்றினார். பானட் சின்னத்தைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, தெருவில் விட்டாயிற்று. கஸ்டம் கார் பற்றிய மிகப் பிரபலமான கட்டுரையே ஒரு மைல்ட் கஸ்டம்.

இதற்குள் டெட்ராய்ட் விழித்துக்கொண்டது, தப்பான பக்கமாக. பையன்கள் குரோமைக் கழற்ற, கம்பெனிகள் மேலும் மேலும் ஏற்றின. 1958 பியூக்கின் கிரில்லில் மட்டும் 160 சின்னச் சின்னக் குரோம் சதுரங்கள். அதைப் பிடுங்க ஒரு சனிக்கிழமை போதாது. சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. வண்டியின் எந்த பாகமும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் 1950களின் இறுதியில் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய அதே சமயம் ரான் அகீரே என்பவர் பழைய விமானங்களின் ஹைட்ராலிக் பம்பைத் தன் கார்வெட்டில் மாட்டிவிட்டார். போலீஸ் வந்தால் ஒரு சுவிட்ச், வண்டி எழுந்து நின்று மரியாதை செய்யும். போனதும் உட்கார்ந்துவிடும். சட்டம் தன்னை அறியாமல் பெற்றெடுத்த பிள்ளை அது. சிமெண்ட் மூட்டைக்கு ஓய்வு கிடைத்தது.

இப்போது அமெரிக்காவில் இதையெல்லாம் ‘அந்தக் காலத்தில் செய்தபடியே’ செய்து தரப் பட்டறைகள் இருக்கின்றன. டம்மி விளக்கின் அசல் டம்மி வேண்டும் என்று தேடி அலைகிறார்கள். காசில்லாத பையன் வேறு வழியில்லாமல் விட்டுவைத்த பிரைமரை, ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து, கீறல் உட்பட அச்சு அசலாகப் பூசிக்கொள்கிறார்கள். அவர்கள் பணம், அவர்கள் பாடு. ஆனால் என் தீர்ப்பு இதுதான்: கூரை வெட்டிய மெர்க்குரி எத்தனை லட்சத்துக்குப் போனாலும், அந்தக் காலத்தின் நல்ல ரசனை சின்னம் பிடுங்கிய சாதா ஃபோர்டிலும் செவ்ரலேயிலும்தான் இருந்தது. காசு இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிஜமாகவே கை அரிக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. மெர்க்குரி வேண்டாம், அதன் விலையை ஜேம்ஸ் டீன் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். யாரும் சீந்தாத நாலு கதவு பிளிமத், டாட்ஜ் பாருங்கள். முதல் காசை பிரேக்கில் போடுங்கள். இந்த வயசுக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன், ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு. ஈயம் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். கைப்பிடியை எடுத்தால் கதவுக்கு ரகசியமாக ஒரு கம்பியும் விட்டு வையுங்கள். ஸ்பிரிங்கைத் தயவுசெய்து சுடவைக்காதீர்கள். பிடுங்கிய சின்னத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதை விலை கொடுத்து வாங்க இப்போது ஆள் இருக்கிறது.